கே பா, ஆந்தா யா, மிங்கா: ஸ்பானிஷ் பேச்சில் தள்ளிவிடும் சொற்கள்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்து ஓராண்டுகூட ஆகவில்லை. மாட்ரிடில் நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவின் கண்ணாடி டம்ளர் ஒன்று கை தவறி விழுந்து நொறுங்கிவிட்டது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன், புதிதாக வாங்கித் தந்துவிடுகிறேன் என்றேன். அவர் துடைப்பத்தை எடுத்து வந்து சில்லுகளைக் கூட்டியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கே பா, கே பா" என்றார். 'கே' என்றால் 'என்ன', 'பா' என்றால் 'போகிறது' என்று தெரியும். என்ன போகிறது? கோபத்தில் ஏதோ சொல்கிறார் என்று நினைத்து, அன்று மாலையே கடைக்குப் போய் இரண்டு டம்ளர் வாங்கி வந்தேன். அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு உண்மையிலேயே வருத்தம் வந்தது. காலையில் அவர் சொன்னது, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, விடு" என்பதுதான்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு போனபோது ஒன்று புரிந்தது. ஸ்பானிஷ்காரர்கள் ஒரு நாளில் எத்தனையோ முறை எதையாவது சொல்லால் தள்ளிவிடுகிறார்கள். அதற்கென்றே ஒரு பெரிய சொற்கூட்டம் வைத்திருக்கிறார்கள். கற்றுத்தரும் புத்தகங்கள் இவற்றை எல்லாம் 'இல்லை', 'முடியாது', 'ச்சே' என்று மூன்றே பெட்டிகளில் போட்டு மூடிவிடுகின்றன. அப்படிப் படித்தவர்களுக்கு நேர்வது எனக்கு நேர்ந்ததுதான்: அன்பைக் கோபமாக எடுத்துக்கொள்வது, அல்லது விளையாட்டாகச் சொல்ல வேண்டியதை வசவாகச் சொல்லிவிடுவது. இந்தச் சொற்களைப் பிரித்து அறிய ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் அனுபவம். பேசுகிறவர் எதைத் தள்ளுகிறார்? எதிராளி சொன்ன செய்தியையா, அவர் கேட்ட உதவியையா, பேச்சின் பொருளையா, இல்லை அந்த ஆளையேவா?

'கே பா' தள்ளுவது செய்தியை மட்டும்தான். "உனக்குத் தொந்தரவா?" "கே பா." "ரொம்பச் செலவாயிடுச்சா?" "கே பா." "உன் ஸ்பானிஷ் நல்லா இருக்கே." "கே பா!" மூன்றிலும் எதிராளியின் வார்த்தையைத் தள்ளிவிட்டு, அவரைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிற வேலை நடக்கிறது. நன்றியையும் மன்னிப்பையும் பாராட்டையும் தட்டிவிடுவது அங்கே மரியாதையின் ஒரு வடிவம். இதற்கு ஒரு மூத்த உறவும் உண்டு: 'கியா'. இதே பொருளில் 19-ம் நூற்றாண்டு மாட்ரிட் நாவல்களில் பக்கத்துக்குப் பக்கம் வரும், இன்று வயதானவர்கள் வாயில் எப்போதாவது கேட்கலாம். 'அது எப்படி இருக்க முடியும்' என்கிற ஒரு முழு வாக்கியம் தேய்ந்து தேய்ந்து அந்த ஒற்றை ஒலியாகிவிட்டது என்று அகராதி விளக்குகிறது.

தேய்வது என்பது இந்தக் கூட்டத்தின் பொதுக் குணம். 1713-ல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகம் 2009-ல் வெளியிட்ட பெரிய இலக்கண நூல் வியப்பிடைச் சொற்களை இரண்டாகப் பிரிக்கிறது. பிறவியிலேயே வியப்பிடைச் சொல்லானவை ஒரு வகை. உதட்டை அலட்சியமாகத் திறந்து சொல்லும் 'பா!' அதில் சேரும். நம்பாமையும் ஏளனமும் ஒரே மூச்சில் வெளிவரும் ஒலி அது. (மேலே வந்த 'பா' வேறு, அது 'போ' என்னும் வினை. ஸ்பானிஷில் இரண்டு எழுத்துகளுக்கு ஒரே ஒலி என்பதால் காதுக்கு ஒன்றாகிவிடுகிறது.) இன்னொரு வகை, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்து இங்கே குடியேறியவை. 'ஆந்தா' என்றால் 'நட'. 'பெங்கா' என்றால் 'வாருங்கள்'. 'பாயா' என்றால் 'போங்கள்' அல்லது 'போகட்டும்'. 'கீத்தா' என்றால் 'எடு, அகற்று'. எல்லாமே ஒரு காலத்தில் கட்டளைகள்.

குடியேறிய பிறகு இவை பழைய இலக்கணத்தை எவ்வளவு விட்டிருக்கின்றன என்று பார்ப்பது எனக்குப் பிடித்த விஷயம். 'பெங்கா' ஒருவரை மரியாதையாக அழைக்கப் பிறந்த வடிவம், ஆனால் இன்று பெற்ற குழந்தையிடமும் நாயிடமும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆளைப் பார்த்து மாறுவதை அது முற்றாக நிறுத்திவிட்டது. 'ஆந்தா' இன்னும் பாதி வழியில் நிற்கிறது. நண்பனிடம் 'ஆந்தா யா' என்பவர், பெரியவரிடம் 'ஆந்தெ யா' என்று மரியாதை விகுதியோடு சொல்வதைக் கேட்கலாம். நாம் ஆளுக்கேற்ப 'அட போடா', 'அட போங்க' என்று மாற்றிக்கொள்வது போலத்தான்.

கடைசியில் ஒட்டும் அந்த 'யா' சிறியது, ஆனால் வேலை செய்வது அதுதான். தனியாக நின்றால் 'ஏற்கெனவே', 'இப்போது', 'போதும்' என்றெல்லாம் பொருள் தரும். 'பெங்கா' மட்டும் என்றால் 'சரி, ஆரம்பிக்கலாம்', 'வா போகலாம்', தொலைபேசியில் 'சரி, வச்சிடறேன்'. 'பெங்கா யா' என்றதும் 'சும்மா கதை விடாதே' என்று ஆகிவிடும். சம்பளம் இரண்டு மடங்காகப் போகிறது என்று நண்பன் சொன்னால் பதில் 'பெங்கா யா'. அதில் உண்மையான மறுப்பு இருக்கலாம், நம்ப முடியாத மகிழ்ச்சியும் இருக்கலாம். நீட்டிச் சொன்னால் மகிழ்ச்சி, வெட்டிச் சொன்னால் மறுப்பு. 'யா' என்பதையே இரட்டித்து, குரலை ஏற்றாமல் இறக்காமல் 'யா, யா' என்றால், நீ சொல்வதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை என்று பொருள். எழுத்தில் இவை ஒன்றுபோலவே இருக்கும். இவற்றைக் காதால்தான் கற்க வேண்டும்.

வினைச்சொல் உயிரோடிருப்பதற்கும் உறைந்துபோவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்களுடைய நாடாளுமன்றத்திலேயே பார்க்கலாம். 1994-ல் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஹொசே மரியா அஸ்நார், பிரதமர் ஃபெலிப்பெ கொன்சாலெசைப் பார்த்து "பாயாசெ, செஞ்ஞோர் கொன்சாலெஸ்" என்றார். 'விலகிச் செல்லுங்கள், திரு கொன்சாலெஸ்.' வினை முழுமையாக இருக்கிறது, மரியாதை விகுதி இருக்கிறது, பெயரும் இருக்கிறது. அது பதவி விலகக் கோரும் அரசியல் வாக்கியம். 2003-ல் அதே அவையில் அரகோன் பகுதி உறுப்பினரும் பாடகருமான ஹொசே அந்தோனியோ லபோர்தெத்தா பேசிக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்தவர்கள் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தார்கள். பொறுமை இழந்த அவர் "ஆ லா மியெர்தா!" என்றார். மலத்துக்குப் போங்கள் என்று வரும். ஆனால் அதில் 'போங்கள்' இல்லை. வினை உதிர்ந்து, போக வேண்டிய இடம் மட்டும் மிச்சம். ஆளைத் தள்ளும் சொற்களில் பெரும்பாலானவை இந்த அச்சில்தான் வார்க்கப்பட்டவை. அந்த அச்சில் கெட்ட வார்த்தையை எடுத்துவிட்டு எதை வேண்டுமானாலும் வைக்கலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் 'மியெர்தா' என்று ஆரம்பித்த வாய் வழியில் திரும்பி 'மியெர்கோலெஸ்' என்று முடியும். அது புதன்கிழமை.

இப்படி ஆளை அனுப்பிவைக்கும் இடங்களையும் வேலைகளையும் சேர்த்தால் ஒரு தனி ஊரே கட்டலாம். 'போய் உலாவிட்டு வா.' 'போய் வாய் கொப்பளி.' 'போய்க் காற்று வாங்கு.' 'ஆ லா போர்ரா', அதாவது தடிக்குப் போ. அந்தத் தடி படைமுகாமில் நட்டுவைத்த கோல் என்றும், தண்டனை பெற்ற சிப்பாய் அதன் அடியில் போய் நிற்க வேண்டும் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை அழகாக இருக்கிறது, சான்றுதான் பலமாக இல்லை.

எனக்கு மிகப் பிடித்தது 'பெதெ ஆ ஃப்ரெயீர் எஸ்பாராகோஸ்': போய் அஸ்பாரகஸ் வறு. தண்ணீர்விட்டான் கிழங்குச் செடியின் இனத்தைச் சேர்ந்த அந்தத் தண்டுக்காய் கொதிநீரில் இட்டால் சட்டென்று வெந்துவிடும். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ஒரு வேலை வேகமாக நடந்ததைச் சொல்ல 'அஸ்பாரகஸ் வேகும் நேரத்துக்குள்' என்பாராம், அவருடைய வாழ்க்கையை எழுதிய சூட்டோனியஸ் இதைக் குறித்துவைத்திருக்கிறார். நிமிடத்தில் வேகவைக்க வேண்டிய காயை ஒருவன் எண்ணெயில் இட்டு வறுத்துக்கொண்டிருந்தால் அவன் இப்போதைக்குத் திரும்பி வரமாட்டான். தொடருக்குப் பலரும் சொல்லும் விளக்கம் இதுதான். திட்டுவதில் இதைவிட மென்மையான வழி எனக்குத் தெரியாது. அந்த ஆளுக்குக் கெடுதல் எதையும் வேண்டவில்லை, கையில் ஒரு வாணலியைக் கொடுத்து அனுப்பிவைக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆளைத் தொடாமல் கோரிக்கையை மட்டும் தள்ள வேறு ஒரு கட்டு இருக்கிறது. "உன் காரை ஒரு வாரத்துக்குத் தருகிறாயா?" "இ உன் ஹமோன்!" பொருள்: 'கூடவே ஒரு பன்றித்தொடையும்!' ஹமோன் என்பது உப்பிட்டு மாதக்கணக்கில் உலர்த்திய பன்றித்தொடை. ஸ்பெயின் கடைகளில் முழுசு முழுசாகக் கூரையிலிருந்து தொங்கும், நல்ல ரகம் என்றால் விலை மிரளவைக்கும். நீ கேட்பது போதாதென்று அதையும் சேர்த்துத் தரட்டுமா என்பதுதான் உட்பொருள். இதே சட்டகத்தில் ஹமோனை எடுத்துவிட்டு 'கொம்பு' வைக்கலாம், 'பால்' வைக்கலாம். அதற்கப்புறம் வருபவை அச்சில் ஏற்ற முடியாதவை. 'இ உன்' என்கிற தொடக்கத்தைக் கேட்டாலே எதிராளிக்குப் பதில் தெரிந்துவிடும். பின்னால் எந்தப் பெயர் வருகிறது என்பது கோபத்தின் அளவைக் காட்டும் பாதரசம்.

பழங்களில் ஆரஞ்சுக்குத் தனி இடம். 'நரான்ஹாஸ்!' என்றாலே 'அதெல்லாம் நடக்காது' என்று பொருள். இன்னும் அழுத்த வேண்டுமென்றால் 'நரான்ஹாஸ் தெ லா ச்சீனா!', சீனத்து ஆரஞ்சுகள். அரேபியர் கொண்டுவந்த கசப்பு ஆரஞ்சுதான் ஸ்பெயினில் முதலில் இருந்தது. இனிப்பு ரகம் பிறகு கிழக்கிலிருந்து வந்தது, அதற்கு வழங்கிய பெயர்தான் சீனத்து ஆரஞ்சு. போர்த்தோ ரிக்கோவில் இன்றும் ஆரஞ்சை வெறும் 'ச்சீனா' என்றே கேட்டு வாங்குகிறார்கள். சரி, பழம் எப்படி மறுப்பாயிற்று? 'நாதா' என்றால் 'ஒன்றுமில்லை'. அதைச் சொல்லப் போன வாய் 'ந' என்று தொடங்கியதும் விளையாட்டாக 'நரான்ஹாஸ்' பக்கம் திரும்பிவிட்டது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் அதே 'ந' வரிசையில் இன்னும் பலர் நிற்கிறார்கள்: 'நனாய்' (கிடையவே கிடையாது), 'நரீசெஸ்' (மூக்குகள்), 'நோனெஸ்' (ஒற்றைப்படை எண்கள்), 1980-களின் மாட்ரிட் இளைஞர் பேச்சில் கொடிகட்டிப் பறந்த 'நாஸ்தி தெ பிளாஸ்தி'. இந்தக் கடைசி 'நாஸ்தி'க்கும் சம்ஸ்கிருத வழியாக நம்மிடம் வந்த 'நாஸ்தி'க்கும் தொடர்பில்லை, ஒலி மட்டும் ஒத்துப்போயிற்று.

ஆனால் 'நரான்ஹா'வில் இருக்கும் தொடர்பு மெய்யானது. ஸ்பானிஷுக்கு அது அரபியிலிருந்து வந்தது. அரபிக்குப் பாரசீகத்திலிருந்து, பாரசீகத்துக்குச் சம்ஸ்கிருத 'நாரங்க'த்திலிருந்து. அந்தச் சம்ஸ்கிருதச் சொல்லின் வேர் திராவிடம் என்றும், நம் நாரத்தை, மலையாளத்து நாரங்ங ஆகியவற்றின் உறவு என்றும் மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். மாட்ரிட் தெருவில் ஒருவன் 'நரான்ஹாஸ்!' என்று கையை விரிக்கும்போது, நம் ஊறுகாய் ஜாடியில் கிடக்கும் காயின் பெயர்தான் அங்கே மறுப்பாக ஒலிக்கிறது. இதை முதன்முதலில் அறிந்த அன்று நான் நாலு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

பேச்சின் பொருளையே குப்பையில் போட வேண்டுமானால், எதிராளியின் சொல்லைப் பிடுங்கித் திருப்பி வீசுவது வழக்கம். "நாளைக்கு விருந்துக்கு வருகிறாயா?" "என்ன விருந்து, என்ன எட்டுக் குவார்த்தோ!" நாம் 'விருந்தாவது மண்ணாவது' என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதே முறை. குவார்த்தோ பழைய செப்புக்காசு, அதன் மதிப்பு 4 மராவெதி. ஒரு ரியாலுக்கு 34 மராவெதி. எட்டுக் குவார்த்தோவைச் சேர்த்துக் கட்டினாலும் 32-தான், ஒரு ரியால் தேறாது. அந்தக் காசு புழக்கத்தை விட்டுப் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் வீட்டில் பிள்ளை புது அலைபேசி கேட்டால் தாய் இன்றும் அந்த எட்டுக் காசை எடுத்து வீசுகிறாள். இதே தொடரின் இன்னொரு முடிவு 'என்ன செத்த குழந்தை' என்று இருக்கும். முதலில் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அங்கே யாரும் அந்தச் சொற்களின் நேர்ப்பொருளை நினைப்பதில்லை.

பொய் என்று தெரிந்த செய்தியை ஏற்க மறுக்க 'இந்த எலும்பை வேறு நாயிடம் கொண்டு போ' என்பார்கள். இது செர்வாந்தெஸ் எழுதி 1605-ல் வெளிவந்த தோன் கிஹோத்தே நாவலின் முதல் பாகத்தில், 32-ம் அத்தியாயத்தில் இருக்கிறது. வீரசாகசக் கதைகள் எல்லாம் கட்டுக்கதை என்று பாதிரியார் எடுத்துச் சொல்ல, அவற்றை வேதமாக நம்பும் சத்திரக்காரர் இந்தத் தொடரால் பாதிரியாரின் வாயை அடைக்கிறார். 400 ஆண்டுகள் கழித்தும் ஒரு எழுத்து மாறாமல் புழங்குகிறது.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கடைச்சரக்கே மாறிவிடும். அர்ஜென்டினாவில் கேட்கும் 'மிங்கா!' ஸ்பானிஷில் பிறந்ததே இல்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான இத்தாலியர் புவெனஸ் ஐரெஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். மிலான் பகுதியின் பேச்சில் 'மிங்கா' சாதாரண எதிர்மறைச் சொல், 'வரவில்லை' என்பதில் உள்ள 'இல்லை' மாதிரி. அதன் மூலம் லத்தீனில் 'ரொட்டித் துணுக்கு' என்று பொருள்படும் 'மீக்கா'. ஒரு துணுக்குகூட இல்லை என்று அழுத்திச் சொல்லிச் சொல்லி, துணுக்கே 'இல்லை' ஆகிவிட்டது. புவெனஸ் ஐரெஸின் தெருமொழியான லுன்ஃபார்தோவில் அது ஏறியதும் 'உனக்கா? ஒரு மண்ணும் கிடையாது' என்கிற காரம் வந்து சேர்ந்தது. அதே கப்பல்களில் வந்த 'மா சீ' இத்தாலியில் 'ஆமாமா' என்று தலையாட்டும் சொல். இங்கே 'என்னமோ பண்ணித் தொலை, எனக்கென்ன' என்று கையைக் கழுவும் சொல்லாகிவிட்டது.

அந்த ஊரின் இன்னொரு தொடர் மனத்தைப் பிசையும். வீணாகப் புலம்புகிறவனிடம் 'போய்க் கார்தேலிடம் பாடு' என்பார்கள். கார்லோஸ் கார்தேல் டாங்கோ பாடல்களின் குரலாகவே இருந்தவர். 1935 ஜூன் 24 அன்று கொலம்பியாவின் மெதெயின் நகரில் விமான விபத்தில் இறந்தார். புவெனஸ் ஐரெஸின் சக்கரீத்தா கல்லறையில் அவருக்குச் சிலை இருக்கிறது, வருகிறவர்கள் அதன் விரலிடுக்கில் எரியும் சிகரெட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள். உன் குறையைக் கேட்க இங்கே யாருமில்லை, நாட்டின் மாபெரும் பாடகனிடமே போய்ப் பாடு, அவனும் கேட்கப் போவதில்லை என்பது பொருள். ஒருவனைத் தட்டிக்கழிக்கும்போதுகூட ஒரு ஊர் தன் செல்லப் பாடகனை நினைத்துக்கொள்கிறது.

அதே பகுதியில் 'கே எஸ்பெரான்சா!' என்பதும் உண்டு. நேர்ப்பொருள் 'என்ன நம்பிக்கை!', வழக்கில் அது 'அதற்கு வாய்ப்பே இல்லை'. மெக்சிகோவில் ஒற்றை அசையில் 'நெல்!' என்று முடித்துவிடுவார்கள், எதுகைக்காக 'நெல் பஸ்தெல்' என்று கேக்கையும் சேர்ப்பதுண்டு. சிலேயில் 'நோ எஸ்தோய் நி ஆயீ', 'நான் அங்கேகூட இல்லை', எனக்கு அதில் துளியும் அக்கறை இல்லை என்பதற்கு. 1998 மார்ச்சில் உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த முதல் லத்தீன் அமெரிக்க ஆண் டென்னிஸ் வீரர் மார்செலோ ரியோஸின் பேச்சோடு சேர்த்தே அந்தத் தொடரை அந்நாட்டினர் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான். 'கே பா'வில் தொடங்குங்கள், அதை யாரிடமும் எங்கேயும் சொல்லலாம். 'ஆந்தா யா', 'பெங்கா யா' இரண்டையும் நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஹமோனும் அஸ்பாரகஸும் ஓரளவு நெருங்கிய பிறகு. 'ஆ லா' என்று தொடங்குபவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், சொல்லிப் பார்க்க வேண்டாம். வேற்றுமொழிக்காரர் வாயில் இந்தச் சொற்கள் எப்போதுமே ஒரு படி கூடுதலாகக் கடுத்துவிடும். உச்சரிப்பில் கொஞ்சம் பிசகினாலே விளையாட்டு கழன்றுபோய் வசவு மட்டும் மிஞ்சும்.

'கீத்தா' மட்டும் மிச்சம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அகராதியைவிட ஒரு சிறிய பார் நல்லது. மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். சர்வர் ஒரு சின்னத் தட்டில் பில்லை வைத்துவிட்டு நகர்வார். மேசையில் இரண்டு கிழவர்கள். ஒருவர் பணப்பையை எடுப்பார். மற்றவர் அந்தக் கையைத் தன் புறங்கையால் விலக்கி, "கீத்தா, கீத்தா" என்பார், 'எடு, எடு, அந்தக் கையை எடு'. முதலாமவர் "கே பா!" என்று நோட்டை நீட்டுவார். "கீத்தா, ஓம்ப்ரே" ('எடு, மனுஷா'). "ஆந்தா யா." குரல் உயரும், பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும், தட்டு இரண்டு பக்கமும் இழுபடும். திரும்பி வந்த சர்வர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, எந்தக் கை பக்கத்தில் இருக்கிறதோ அதிலிருந்து நோட்டை உருவிக்கொண்டு போய்விடுவார். பணம் போகாதவர்தான் வெளியே வந்த பிறகும் வெகுநேரம் முணுமுணுத்துக்கொண்டே நடப்பார்.